கீறல் விழுந்த இறுவட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழுதான இறுவட்டுகளைப் பற்றியவை. மட்டக்களப்பில் நெடுங்காலம் கலியாண வீடியோ எடுத்து, இப்போது பழைய கசெட்டுகளையும் இறுவட்டுகளையும் கணினிக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் என்பதால், இந்தக் கடிதங்களை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. இடம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

எங்கள் அப்பா வடமோடிக் கூத்தில் ஆடிய அரங்கேற்றத்தை 2003ஆம் ஆண்டு வீடியோ எடுத்துப் பல விசிடிகளில் தந்தார்கள். அப்பா இப்போது உயிருடன் இல்லை. அவர் களரியில் நுழைந்து வரவு ஆடும் பகுதி இருக்கும் விசிடியைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக்கி, அடிப்பக்கம் முழுவதும் கீறல். பிளேயரில் போட்டால் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கணினியில் பிரதி எடுத்தால் பாதியில் பிழை காட்டுகிறது. கடையில் ‘இது முடிந்த கதை, எறிந்துவிடுங்கள்’ என்றார்கள். பற்பசை தேய்த்துப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. ஏதாவது வழி உண்டா?
*வாசகி, குருக்கள்மடம்*

வழி உண்டு தங்கச்சி. ஆனால் அந்த வட்டை இனி ஒருமுறைகூடப் பிளேயரில் போடாதீர்கள். பற்பசையும் இப்போதைக்கு வேண்டாம். அப்பாவின் ஆட்டத்தில் பெரும்பகுதி அந்த வட்டுக்குள் இன்னும் இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

இறுவட்டின் கனம் 1.2 மில்லிமீற்றர். அதில் ஏறக்குறைய முழுவதும் தெளிந்த பிளாஸ்டிக்தான். பதிவு இருக்கும் படை பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சு ஒன்றின் கீழே இருக்கிறது. பிள்ளைகள் கீறியது அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கை. லேசர் ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும் பாதை கெட்டிருக்கிறது, பதிவு கெடவில்லை.

இருபது நிமிடத்தில் நிற்பதும் நமக்கு ஒரு செய்தி. இறுவட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாசிக்கப்படுகிறது. அந்த இடத்துக் கீறலில் பிளேயர் தடுமாறி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு அப்பால் உள்ளதை அது பார்க்கவே இல்லை. அங்கே நல்ல நிலையில் இருக்கும் நிமிடங்களும் சேர்த்தே ‘முடிந்த கதை’ ஆக்கப்படுகின்றன.

கணினி செய்வதும் இதே அநியாயத்தைத்தான். வட்டில் பதிவு செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாக இருக்கிறது. விசிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள் வாசிக்கப்படுகின்றன. ஒரு மணி நேர வீடியோ என்றால் 2,70,000 செக்டர்கள். சாதாரணமாகக் கோப்பைப் பிரதி எடுக்கும்போது அவற்றில் ஒன்று வாசிக்கப்படாவிட்டாலும் கணினி முழு வேலையையும் நிறுத்தி, அதுவரை எடுத்ததையும் அழித்துவிடும். கணக்குக் கோப்புக்கு அந்தக் கண்டிப்பு சரி. வீடியோவுக்கு அது தேவையே இல்லை. சில செக்டர்கள் போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மாற்றங்களை மட்டும் அல்லாமல் காட்சி முழுவதையும் கொண்ட அடுத்த ‘முழுப் படம்’ வந்ததும் தெளிந்துவிடும். விசிடியில் முழுப் படம் ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை வருகிறது. மத்தளச் சத்தம் ஒரு கணம் அறுபடும். அதற்காக அப்பாவின் வரவு முழுவதையும் எறிவதா?

செய்ய வேண்டியது இது. வட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, விரலால் மெதுவாகக் கழுவுங்கள். முதலில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணும் உப்பும் போக வேண்டும். அவை இருக்கும்போது தேய்த்தால் அவையே புதிய கீறல் போடும். கழுவி அலசியபின் மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் ஒற்றித் துடையுங்கள். ஒருபோதும் வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஏன் என்பதற்குச் செங்கலடி மாணவருக்கான பதிலைப் பாருங்கள்.

பிறகு பிழை வந்தாலும் நிற்காமல் எடுக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும். விசிடியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு செக்டரின் முழு அளவு 2,352 பைட்டுகள். சாதாரணத் தரவு வட்டில் 2,048 பைட்டுகளே தரவு. மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கான மேலதிகக் காவல். விசிடியை வடிவமைத்தவர்கள் அந்தக் காவலைக் கைவிட்டு, செக்டருக்கு 2,324 பைட்டுகள் வீடியோவை ஏற்றினார்கள். அதனால் முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுக்கும் வழமையான ‘ஐஎஸ்ஓ’ பிரதி முறையில் விசிடியின் வீடியோப் பகுதி ஒழுங்காக வராது. இதைப் புரிந்துகொண்டு செக்டரை முழுதாக எடுக்கும் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதன் சில வசதிகளுக்குப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருக்கும். வாசிக்க முடியாத செக்டர் வந்தால் என்ன செய்வது என்று அது கேட்கும். வெறுமையால் நிரப்பிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். கிடைக்கும் ‘டாட்’ கோப்பை விஎல்சி பிளேயர் அப்படியே ஓட்டும்.

டிரைவின் வேகத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். 52 மடங்கு வேகம் என்று எழுதப்பட்ட டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுழற்றும். அந்த ஓட்டத்தில் லேசர் கீறலைப் பிடித்துத் திருத்திக்கொள்ள நேரமில்லை. ஒரு டிரைவில் வராதது இன்னொன்றில் வரும். இது நான் வேலையில் நாள்தோறும் காண்பது. பழைய மேசைக் கணினியில் இருந்த டிரைவ், மடிக்கணினி டிரைவ், யூஎஸ்பியில் செருகுவது என்று கைக்கு எட்டியவற்றையெல்லாம் முயலுங்கள். வட்டில் நடுத்துளையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் மட்டும் எந்த டிரைவிலும் போடாதீர்கள். சுழலும்போது சிதறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் அப்பா வரும் இடம் கிடைக்கவில்லை என்றால்தான் தேய்ப்பது. பற்பசை ஏதோ மருந்து அல்ல. அதில் இருக்கும் மிக நுண்ணிய தூள் பிளாஸ்டிக்கைச் சற்று அராவிக் கீறலின் கூர் விளிம்பை மழுங்கடிக்கிறது. ஆழமில்லாத கீறலுக்கு அது உதவும். வெள்ளைப் பசை, ஈரத் துணி, கீறல் உள்ள இடத்தில் மட்டும், நடுவிலிருந்து வெளியே. பிறகு நன்றாக அலசி உலர்த்துங்கள். நகச்சாயம் நீக்கும் அசிற்றோன் பக்கமே போகாதீர்கள். இந்தப் பிளாஸ்டிக்கை அது கரைத்து வெண்மையாக்கிவிடும். தேய்ப்பதைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம், அதைத் திரும்பப் பெற முடியாது. வாசிக்கக் கூடியதை முதலில் எடுத்து வைத்துவிட்டால் பிறகு எது நடந்தாலும் அவ்வளவாவது கையில் இருக்கும்.

இன்னொன்று. அரங்கேற்றம் விடிய விடிய நடந்திருக்கும். அதில் ஆடியவர் உங்கள் அப்பா மட்டும் அல்ல. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் வீட்டில், உடன் ஆடியவர்கள் வீட்டில், கனடாவுக்கோ சுவிசுக்கோ போன யாராவது ஒருவரின் பெட்டியில் அதே விசிடியின் இன்னொரு பிரதி இருக்கக் கூடும். அதுவும் கீறியிருந்தால் பரவாயில்லை. இரண்டு வட்டிலும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்கச் சாத்தியம் குறைவு. உங்களுடையதில் உடைந்த நிமிடங்களை அதிலிருந்து வெட்டி ஒட்டலாம். கூத்துக் களரிகள் பலவற்றுக்கு இந்த வீட்டு விசிடிகளைத் தவிர வேறு பதிவே இல்லை. ஆகவே உங்கள் வட்டுக்காக மட்டும் அல்லாமல், அந்தக் கூத்துக்காகவும் கேட்டுப் பாருங்கள்.

கீறல் விழுந்த வட்டு ஓரளவுக்கு ஓடுகிறதே, அது எப்படி? பதிவு போனால் போனதுதானே?
*மாணவர், செங்கலடி*

நல்ல கேள்வி தம்பி. போனதைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். 1960ஆம் ஆண்டு இர்விங் ரீட், கஸ்டவ் சொலமன் என்ற இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். தரவோடு சில மேலதிக எண்களைச் சேர்த்து வைத்தால், இடையில் சில அழிந்தாலும் மீதியைக் கொண்டு அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டில் இந்த முறைதான் உயிர்நாடி. ஒவ்வொரு 24 பைட்டுத் தரவோடும் 8 பைட்டுத் திருத்த எண்கள் சேர்ந்து 32 பைட்டுகளாக எழுதப்படுகின்றன.

அதிலும் அழகு, அடுத்தடுத்த பைட்டுகளை அடுத்தடுத்து எழுதாமல் விட்டது. படுவான்கரை விவசாயி விதைநெல்லை ஒரே வீட்டில் வைக்காமல் நான்கு வீடுகளில் பிரித்து வைத்தால், ஒரு வீட்டை வெள்ளம் கொண்டுபோனாலும் அடுத்த போகத்துக்கு விதை இருக்கும் அல்லவா? அப்படியே ஒரு 32 பைட்டுத் தொகுதியின் பைட்டுகள், வட்டில் சுருளாக ஓடும் பதிவுத் தடத்தில் தள்ளித் தள்ளிப் பரவிக் கிடக்கின்றன. ஒரு கீறல் பல தொகுதிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு தொகுதியும் தன் இழப்பைத் தானே ஈடுசெய்துகொள்ளும். தடத்தின் வழியே ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக அழிந்தாலும் முழுதாக மீட்டுவிடும்.

இப்போது துடைக்கும் திசை விளங்கியிருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே வெட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு ஒரு நூலளவு. திருத்தம் அதைச் சமாளிக்கும். வட்டமாகப் போகும் கீறல் தடத்தின் மேலேயே ஓடுகிறது. அது அந்த 2.5 மில்லிமீற்றரைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் போய்விடும். வட்டமாகத் துடைப்பவர் கையில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும்.

தூசியையும் கைரேகையையும் வட்டு பொறுத்துக்கொள்வதற்கு வேறு காரணம். லேசர் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நுழையும்போது சுமார் 0.8 மில்லிமீற்றர் அகலம். பதிவுப் படையில்தான் அது குவிந்து புள்ளியாகிறது. மேற்பரப்பில் இருக்கும் சிறு துகள் அதன் பார்வையில் மங்கிப்போகிறது.

டிவிடியில் தடங்கள் இன்னும் நெருக்கம். இறுவட்டில் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளி, டிவிடியில் 0.74. அங்கே திருத்தம் 16 செக்டர்கள் சேர்ந்த 32 கிலோபைட்டுத் தொகுதியாக நடக்கிறது. வலுவான முறைதான், ஆனால் தோற்றால் அந்தத் தொகுதி முழுவதும் ஒன்றாகப் போகும்.

உம்மாவின் படங்கள் இருக்கும் சிடியின் மேலே பெயர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரை ராத்தா உரித்தபோது வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. விளிம்புப் பக்கம் ஒரு சதம் அளவு இடம் கண்ணாடிபோல் தெரிகிறது. மீட்கலாமா?
*வாசகர், சாய்ந்தமருது*

உரிந்த இடத்தில் இருந்தது போய்விட்டது தம்பி. அதை எந்த மென்பொருளும், எந்த வெளிநாட்டு நிறுவனமும் திருப்பித் தர முடியாது. சிடியில் மேற்பக்கக் கீறல் அடிப்பக்கக் கீறலைவிடப் பல மடங்கு கொடியது. டிவிடியாக இருந்திருந்தால் 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டுக்கு நடுவே பதிவு பத்திரமாக இருந்திருக்கும்.

ஆனால் விளிம்புப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் நம்பிக்கை இருக்கிறது. எழுதுவது நடுவிலிருந்துதான் தொடங்கும். வட்டைச் சாய்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எழுதப்பட்ட பகுதியும் எழுதப்படாத பகுதியும் வேறு நிறச் சாயலில், ஒரு வளையக் கோட்டால் பிரிந்து தெரியும். 700 மெகாபைட்டு வட்டில் பாதிக்குத்தான் படம் ஏற்றியிருந்தால், உரிந்த இடம் வெறும் இடமாகவே இருக்கலாம்.

உரிந்த ஓரம் மேலும் பெயராதபடி, எதுவும் ஒட்டாமல், குறைந்த வேகத்தில் ஒரே மூச்சில் முழு வட்டையும் பிரதியாக எடுங்கள். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்கியூ இதற்கு மிகச் சிறந்தது. வரும் பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, வராத இடங்களைக் குறித்து வைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். டிரைவை மாற்றினாலும் அதே குறிப்புக் கோப்பைக் கொடுத்தால் விட்ட இடங்களை மட்டும் முயலும். கோப்புப் பெயர்கள் தெரியாவிட்டால், அந்தப் பிரதிக்குள் போட்டோரெக் என்ற இன்னொரு இலவச மென்பொருளை ஓட்டுங்கள். படங்களின் தொடக்க அடையாளத்தைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரும்.

ராத்தாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஸ்டிக்கரை ஒட்டியதிலேயே கேடு தொடங்கிவிட்டது.

2004 சுனாமியில் நனைந்த அல்பத்துக்குள் இரண்டு சிடிகள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக் கிடக்கின்றன. இத்தனை ஆண்டுகள் இழுக்கப் பயந்து வைத்திருக்கிறேன்.
*வாசகி, கல்லடி*

இழுக்காமல் வைத்திருந்ததே பெரிய காரியம் அக்கா. இழுத்திருந்தால் பூச்சு உறையோடு போயிருக்கும். உறையை ஓரமாக வெட்டி, வட்டோடு சேர்த்து நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். உறை தானாகத் தளரும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு நகத்தால் கிளப்ப வேண்டாம். நம் கரையோரத்தில் பல கிணறுகள் உவர். உங்கள் கிணறும் அப்படியானால் கடைசி அலசலைப் போத்தல் தண்ணீரில் செய்யுங்கள், உப்பு தங்கக் கூடாது. வெயிலில் காயப்போடாதீர்கள், வீட்டில் எழுதிய வட்டுகளில் பதிவு ஒரு சாயப் படையில்தான் இருக்கிறது, வெயிலும் வெப்பமும் அதை வெளிறச் செய்யும்.

உலர்ந்த பின் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தாலும், ஓரத்தில் பழுப்புக் கறை ஊறியிருந்தாலும் அங்கே உலோகப் படை அரிக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களை எடுக்கலாம். அந்த அலையில் எத்தனையோ வீடுகளில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஆகவே இந்த இரண்டு வட்டுகளிலும் நீங்களே கை வைக்கத் தயங்கினால், வேலை தெரிந்த ஒருவர் அருகில் இருக்கச் செய்யுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு படமும் அவ்வளவு பெறுமதியானது.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியைச் சிறிய டிவிடி போடும் கமராவில் எடுத்தோம். கமரா பழுதாகிவிட்டது. வட்டைக் கணினியில் போட்டால் ‘வெற்று வட்டு’ என்கிறது. கீறல் எதுவும் இல்லை.
*ஆசிரியர், திருக்கோவில்*

வெற்று வட்டு அல்ல ஐயா. முடித்து வைக்கப்படாத வட்டு. அந்த 8 சென்ரிமீற்றர் டிவிடிகளில் எடுத்து முடிந்ததும் கமராவிலேயே இறுதியாக்கும் கட்டளை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளடக்கப் பட்டியல் மற்ற இயந்திரங்களுக்குப் புரியும் வடிவில் எழுதப்படும். அது நடக்காததால் பட்டியல் இல்லை, வீடியோ இருக்கிறது.

கணினி ‘இந்த வட்டைத் தயார்செய்யவா’ என்று கேட்டால் கட்டாயம் இல்லை என்று சொல்லுங்கள். அதே நிறுவனத்தின் அதே வகைக் கமரா வேறு யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி, அதில் போட்டு இறுதியாக்குங்கள். கமரா கிடைக்காவிட்டால் ஐசோபஸ்டர் இப்படிப்பட்ட கமரா வட்டுகளையும் வாசிக்கும். தட்டு இல்லாமல், வட்டைத் துளை வழியே தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் சிறிய வட்டைப் போட வேண்டாம், சிக்கிக்கொள்ளும்.

கீறலில் தேங்காய் எண்ணெய் பூசினால் ஓடுகிறது என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், ஏறாவூர்*

கீறலின் பள்ளம் நிரம்புவதால் ஒளி சிதறுவது குறைந்து, சில நேரம் ஓடும். ஆனால் சுழலும்போது எண்ணெய் தெறித்து லேசர் கண்ணாடியில் படியும். அதன் பிறகு நல்ல வட்டும் ஓடாது. செய்யாதீர்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிட்டே டிரைவில் வையுங்கள்.

மீட்டெடுத்த வீடியோவை மறுபடி டிவிடியில் எழுதி வைப்பதா, பென் டிரைவில் வைப்பதா?
*வாசகி, அக்கரைப்பற்று*

ஒரே இடத்தில் வைப்பதைத் தவிர எதுவும் செய்யலாம். ஒரு வன்தட்டில் ஒன்று, வேறொரு வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொன்று. இரண்டில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, முடிந்தால் ஊருக்கு வெளியே இருக்கட்டும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நல்லது, வருடக்கணக்கில் அலுமாரியில் வைப்பதற்கு நல்லதல்ல. வட்டிலிருந்து எடுத்த மூலப் பிரதியைச் சுருக்காமல், வடிவம் மாற்றாமல் அப்படியே ஒன்று வையுங்கள். கைப்பேசியில் பார்க்கச் சிறிதாக்கியது வேறு கோப்பாக இருக்கட்டும். பழைய வட்டையும் எறியாமல் நிமிர்த்தி, உறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். இன்று ஒரு டிரைவில் வராதது நாளை வேறொன்றில் வரலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போது ‘வீடியோ 1’ என்று விட்டுவிடாதீர்கள். யாருடைய கலியாணம், எந்த ஊர், எந்த ஆண்டு, முன்வரிசையில் இருப்பவர்கள் யார் யார் என்பதை வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்தி, படத்தை ஓடவிட்டுக் கேட்டு எழுதிக் கோப்போடு சேர்த்து வையுங்கள். இந்த வேலையை இந்த மாதமே செய்யுங்கள்.